நாலு மணிப் படகுக்கு முன் போட்ட கையெழுத்து

சுகுணாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது என்று என் மனைவியே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சரிதான். ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸாப்பில் குட் மார்னிங் அனுப்பவே பொழுது போதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் ஜெகநாதன். பத்தர் டிக்ரி பஞ்சாயத்தில் இருபத்தாறு வருஷம் கிளார்க். ஊர் என்னைக் கூப்பிடுவது படா பாபு, அதாவது பெரிய கிளார்க், என்று.

சுகுணா பிறந்தது இங்கேதான். அவள் அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு காண்ட்ராக்டரோடு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். சிப்பிகாட் தாண்டி அவர்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அதில் உப்புத்தண்ணீர் நின்றது, நின்றதுதான். பிறகு அவள் ரோடு வேலை செய்கிற மஜ்தூர்களுக்கு டிபன் கட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். புருஷன் காத்தமுத்துவும் மஜ்தூர்தான். வீட்டில் தமிழ் பேசுவாள், சண்டை என்று வந்தால் ஹிந்தியில்தான் போடுவாள். இந்தத் தீவில் பிறந்தவர்களுக்குக் கோபம் அந்தப் பாஷையில்தான் வரும் போலிருக்கிறது.

அவளைத் தேர்தலில் நிறுத்தியது பக்கத்து வீட்டு அன்னம்மாள். எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கி அறிவித்த அன்றே, "நீ நில்லுடி, நான் ஓட்டு வாங்கித் தர்றேன்" என்று கிளம்பிவிட்டது அந்த அம்மாள். பெங்காலி வீடு, தெலுங்கு வீடு என்று ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கியது. கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டாள். சுகுணா ஜெயித்தாள்.

அடுத்த வருஷமே அன்னம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இப்படி எங்கள் பஞ்சாயத்தில் மூன்று பேர் இருந்தார்கள். சுகுணா ஒவ்வொரு கூட்டத்திலும் விடாமல் கேட்டுக் கேட்டு, பஞ்சாயத்து வேனை அந்த மூன்று பேருக்காக அந்த இரண்டு நாளும் விட வைத்தாள். அவள் ஐந்து வருஷத்தில் வேறு எதுவுமே செய்திருக்காவிட்டாலும் எனக்கு அது போதும்.

இப்போது எங்கள் கூட்டம் நடக்கும் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். மெம்பர்களில் பாதிப் பேர் கழிமுகத்துக்கு அக்கரையில் இருப்பவர்கள். கடைசிப் படகு நாலு மணிக்கு. இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்கப்புறம் படகுக்காரன் பெட்ரோலுக்கு மேல் பெட்ரோல் ஊற்றினாலும் வரமாட்டான். ஆகவே எனக்கும் முந்தின கிளார்க் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். வந்ததும் கையெழுத்து, அப்புறம் சாய், அப்புறம் பேச்சு. மினிட்ஸ் புத்தகத்தில் வலது பக்கம் எல்லோரும் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மூன்றே முக்காலுக்கு நான் தீர்மானங்களைக் கடகடவென்று படிப்பேன். ஒரு கால் படகிலும் ஒரு கால் ஹாலிலுமாக நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். மறுநாள் காலையில் இடது பக்கத்தில் அதையெல்லாம் ஹிந்தியில் நான் நிதானமாக எழுதுவேன். யாரும் திரும்பி வந்து படித்ததே கிடையாது.

ஜனவரிக் கூட்டத்துக்கு மறுநாள் தலைவர் முருகானந்தம் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "படா பாபு, கடைசியில இதையும் சேத்துக்குங்க." வேன் இனிமேல் அலுவலகப் பணிக்கு மட்டும் என்று இருந்தது. மெயின்லேண்டிலிருந்து அதிகாரிகள் வந்தால் அழைத்துப்போக வண்டி இல்லையாம். "இது கூட்டத்துல பேசலையே சார்" என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே" என்றார். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாதம் இருந்தது. என் பென்ஷன் பேப்பர் அவர் மேசையில் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டு எழுதினேன்.

வேன் நின்றது. அன்னம்மாள் பஸ்ஸில் போக ஆரம்பித்தது. டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது, நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும். இரண்டாவது வாரம் பஸ் ஸ்டாண்டில் விழுந்து நெற்றியில் தையல்.

பிப்ரவரிக் கூட்டத்தில் சுகுணா எழுந்தாள். வழக்கம்போல வந்ததும் கையெழுத்துப் போட்டிருந்தாள், சாயைத் தொடவில்லை.

"வேன் ஏன் நின்னுச்சு? யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

தலைவர் கோபப்படவில்லை. "உங்களைக் கேட்டுத்தான். படா பாபு, அந்தப் பக்கத்தை எடுங்க."

எடுத்தேன். இடது பக்கத்தில் ஒன்பதாவது தீர்மானம். வலது பக்கத்தில் மூன்றாவதாக அவள் கையெழுத்து. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ சிரித்தார்கள். "தானே நிறுத்திட்டு தானே கேக்குறாங்க" என்றது ஒரு குரல். மற்ற மெம்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாங்கள் படகு நினைப்பில் கேட்காமல் விட்டுவிட்டோம் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

சுகுணா என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அன்னைக்கு இதைப் படிச்சீங்களா?"

மிரட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே முடிந்திருக்கும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் ஊமையாகக்கூட இருக்கவில்லை.

"படிச்சேம்மா" என்றேன்.

"அப்ப தப்பு எம்மேலதான்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நேரே அன்னம்மாளிடம் போயிருக்கிறாள். மறைத்திருக்கலாம். "அண்ணன் படிச்சிருக்காரு, நான்தான் காதுல வாங்கல, கையெழுத்து என்னோடதுதான்" என்று சொல்லியிருக்கிறாள். தையல் போட்ட நெற்றியோடு அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்காக நான் எத்தனை வாசப்படி ஏறினேன்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டதாம். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. காத்தமுத்து என்னிடம் இதைச் சொன்னபோது நான் பீடி பற்றவைத்தேன். வேறென்ன செய்வேன், பெரிய மனுஷன்.

மார்ச் கூட்டத்துக்கு சுகுணா வந்தாள், பேனாவைத் தொடவில்லை.

"எல்லாம் எழுதி முடிங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்."

"படகு போயிரும்" என்றார்கள் அக்கரைக்காரர்கள்.

"எனக்குப் படகு கிடையாது. நான் உக்காந்திருக்கேன்."

நான் எழுத எழுத அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று எட்டுத் தீர்மானம். முடிக்க ஐந்து மணி ஆயிற்று. அக்கரை மெம்பர்களில் இரண்டு பேர், ஒரு பெங்காலிப் பெண்ணும் ஒரு கிழவரும், படகை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்தார்கள். சுகுணா வீட்டில்தான் அன்று சாப்பாடும் படுக்கையும். ஏப்ரலில் இன்னும் மூன்று பேர் முன்கையெழுத்துப் போட மறுத்தார்கள். ஆளாளுக்கு எழுந்து கேட்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் லாரி எங்கள் வார்டுக்கு ஏன் வருவதில்லை, அங்கன்வாடிக் கூரை என்ன ஆயிற்று, வேன் எந்த அதிகாரியை எங்கே கூட்டிப்போனது? தலைவருக்கு வியர்த்தது. மே மாதம் வேன் தீர்மானத்தை ரத்து செய்தார். நான் அதைப் படித்தேன், நிறுத்தி நிதானமாக, ஹிந்தியில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். வெட்கங்கெட்டவனுக்குத் திடீரென்று வந்த ஒழுங்கு.

வேன் மறுபடி ஓடியது. செவ்வாயும் வெள்ளியும் சுகுணா காலையில் போய் அன்னம்மாளைக் கைப்பிடித்து ஏற்றுவாள். அந்த அம்மாள் கையைக் கொடுக்கும், முகத்தைக் கொடுக்காது. ஒரு நாள் என் கண் முன்னாலேயே, "அக்கா, ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள். அன்னம்மாள் டிரைவரிடம், "வண்டியை எடுப்பா" என்றது. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். நடந்து போய் உண்மையைச் சொல்லப் பத்தடிதான்.

ஆகஸ்ட் மழையில் அன்னம்மாள் போய்விட்டது. வேனால் இல்லை, பஸ்ஸால் இல்லை. நோய் முற்றித்தான் போயிற்று என்று டாக்டரே சொன்னார். சுகுணா அன்று அழுத அழுகையைப் பார்த்தவர்கள் சொந்தத் தங்கச்சி என்றே நினைத்தார்கள்.

செப்டம்பரில் என் கடைசிக் கூட்டம். மாலை, சால்வை, ஒரு பாக்கெட் லட்டு. பென்ஷன் பேப்பர் கையெழுத்தாகி என் பைக்குள் வந்துவிட்டது. தலைவர் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு சுகுணா எழுந்தாள்.

"அண்ணன் இருபத்தாறு வருஷம் நமக்காக எழுதினாரு, படிச்சாரு. நாமதான் கேக்கல. அன்னைக்கு அவர் படிச்சதை நான் ஒழுங்காக் கேட்டிருந்தா எங்க அன்னம்மாக்கா அப்படிப் பஸ்ல அலைஞ்சிருக்க வேண்டாம். அதுக்கு அண்ணன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

கைகூப்பினாள், என்னைப் பார்த்து.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சால்வையை எடுத்து மேசையில் வைத்தேன். கூட்டத்தில் பேச கிளார்க்குக்கு உரிமை கிடையாது, ஆனாலும் பேசினேன். நான் அதைப் படிக்கவே இல்லை, மறுநாள் எழுதிச் சேர்த்தது, எழுதச் சொன்னது தலைவர், எழுதினது நான், கேட்டபோது பொய் சொன்னதும் நான். தலைவர் எழுந்து வெளியே போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

சுகுணா கூப்பிய கையை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் வரும், ஹிந்தியில் நாலு கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத் தமிழில்தான் பேசினாள்.

"ஆறு மாசம் அக்கா எங்கிட்ட பேசல அண்ணா. ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா, போறதுக்குள்ள ஒருதரமாவது பேசியிருப்பாங்க."

மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன்.