பூர்வீகம்

தம்பிக்கு நர்சிங் படிக்க ஆசை. அவனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஆதார், ரேஷன் கார்டு, புதுச்சேரியில் பிறந்ததற்கான சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு, அப்பாவோடும் தம்பியோடும் தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எழுத்தர் எதையும் புரட்டவில்லை. அப்பாவின் பூர்வீகத்தை மட்டும் கேட்டார். சிறு வயதில் மில் வேலைக்காக விழுப்புரம் பக்கமிருந்து வந்ததை அப்பா சொன்னார்.

"அப்ப நீங்க மைக்ரன்ட்டு. எஸ்சி கோட்டா இங்க உங்களுக்கு வராது."

"தம்பி இங்கதான சார் பொறந்தான்?"

"அப்பாவும் இங்கயே பொறந்திருக்கணும்மா."

உரிமைக்கு மாநில எல்லை உண்டென்று எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று மாலையே ரெட்டியார்பாளையத்தில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். பிடித்திருந்தது. வீட்டுக்கார அம்மாளும் பூர்வீகத்தைத்தான் கேட்டார். அப்பா கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிங்க," என்றார் அப்பா.

அந்த அம்மாளின் முகம் மாறியது. "சொந்தக்காரங்க வர்றதா சொல்லியிருக்காங்க. மறந்தே போயிட்டேன்."

தெருவுக்கு வந்ததும் தம்பி கேட்டான்: "அக்கா, சர்டிபிகேட்ட இந்தம்மாகிட்டயே வாங்கிக்கலாமா?"

நாங்கள் சிரிக்கவில்லை. பொதுப் பிரிவில் அவன் மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்காது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.