மூவார் ஆறு தெரியும் மேசை

போன வாரம், புரட்டாசி சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் ஒரு ரெஸ்டாரண்ட்ல உட்கார்ந்து மாட்டிறைச்சி மீ நூடுல்ஸ் ஆர்டர் பண்ணினாரு.

நம்ப முடியுதா? எங்களைத் தெரிஞ்சவங்க யாரும் நம்ப மாட்டாங்க. புரட்டாசி பிறந்தா வீட்டுச் சட்டி பானையைக்கூட தனியா பிரிச்சு வைக்கிற மனுஷன் அவர். முட்டை சேர்த்த கேக்கை மோந்துகூடப் பார்க்க மாட்டாரு. மாடு... வாழ்நாள்லயே கிடையாது.

அவசரப்பட்டுத் திட்டாதீங்க. முழுசா சொல்லிடறேன்.

எங்களுக்கு ரெண்டு கல்யாண நாள். நம்ம நாட்டுல பாதிப் பேருக்கு அப்படித்தானே — முதல்ல ரெஜிஸ்டர், அப்புறம் கோயில்ல தாலி. தாலி கட்டினது தை மாசம், நாங்க இருக்கிற குளுவாங்ல. ரெஜிஸ்டர் பண்ணினது புரட்டாசில, எங்க அப்பா அம்மா இருந்த மூவார்ல. தாலி கட்டின நாளை அவர் அடிக்கடி மறந்துடுவாரு. ரெஜிஸ்டர் நாளை மட்டும் மறந்ததே இல்ல. "கையெழுத்துப் போட்டாச்சு, இனி தப்பிக்க முடியாது"ன்னு வருஷா வருஷம் அதே ஜோக். நானும் வருஷா வருஷம் சிரிச்சுடுவேன். பழக்கதோஷம்.

இந்த வருஷம் அந்த நாள் சனிக்கிழமையில வந்துச்சு. பிள்ளைங்க ரெண்டும் சிங்கப்பூர்ல வேலை. வீட்ல ரெண்டு பேரும் முகத்தை முகம் பார்த்துக்கிட்டு சாம்பார் சாப்பிடுறதுக்கு, மூவாருக்கே போயிட்டு வந்தா என்னன்னு தோணுச்சு.

மூவார் இப்போ முன்ன மாதிரி இல்லீங்க. வெள்ளைக்காரன் காலத்துக் கடைவீடுகளைச் சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, சுவத்துல பெரிய பெரிய படம் வரைஞ்சு வச்சிருக்காங்க. ஆத்தோரமா இருக்கிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் புது வாழ்வு. கீழே மது பார், மேலே சாப்பாடு, அதுக்கும் மேலே மொட்டை மாடியில குஷன் போட்ட நாற்காலி. சூரியன் இறங்குற நேரத்துக்கு ஜன்னல் மேசை கிடைக்கணும்னா முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

இந்த மாதிரி இடங்கள்ல எனக்கு ஓர் அனுபவம் உண்டு. ஜன்னல்ல காட்சி எவ்வளவுக்கு எவ்வளவு அழகோ, தட்டுல சாப்பாடு அவ்வளவுக்கு அவ்வளவு சுமார். சமையல்காரரும் ஆத்தையே பார்த்துக்கிட்டு நிப்பாரோ என்னவோ. ஆனாலும் போறோமே... ஏன்? வீட்ல எல்லாம் இருக்கு, ஆறு மட்டும் இல்லையே.

போன் பண்ணினேன். "ஜன்னலோரம் வேணும், ஆறு தெரியணும், சைவம் இருக்கணும்"னு மூணு கண்டிஷன். எல்லாம் இருக்கு ஆண்ட்டின்னு மலாய்ல சொல்லுச்சு ஒரு பொண்ணு.

அவர்தான் கார் ஓட்டிட்டு வந்தாரு. வழக்கமா அவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல காஹாங் பக்கம் எண்ணெய்க்குப் போற செம்பனைக் குலை லாரி ஓட்டினவர். ரெண்டு வருஷமா ஓய்வு. இப்போ அவர் ஓட்டுற ஒரே லோடு நான்தான். சந்தை, கோயில், கூட்டம், ரெங்கத்துல தங்கச்சி வீடு, எங்க போகணும்னாலும் முதல் ஆளா சாவியோட வாசல்ல நிப்பாரு. எனக்கும் லைசன்ஸ் இருக்கு. பக்கத்துச் சந்தைக்கு மேல நான் ஓட்டினதில்ல.

அஞ்சரை மணிக்கெல்லாம் மாடியில உட்கார்ந்தாச்சு. ஆத்தைப் பார்த்து இருக்கிற நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். இத்தனை வருஷம் லாரிக் கண்ணாடி வழியா வெறும் ரோட்டையே பார்த்த கண்ணு, ஒரு நாளாவது தண்ணியைப் பார்க்கட்டுமேன்னுதான்.

"அங்க பாருங்க, அந்தப் பக்கம் பள்ளிவாசல். எவ்ளோ அழகு."

"ஆமா, அழகு."

"படகு வருது பாருங்க."

"ஆமா, அழகா இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கல. இடம் தேர்ந்தெடுத்தது நான் இல்லையா?

மெனு வந்துச்சு. படம் கிடையாது. பழுப்புத் தாள்ல எறும்பு சைஸ் எழுத்து. விளக்கோ, இருக்கா இல்லையான்னு சந்தேகப்படுற அளவுக்கு ஓர் அழகு விளக்கு. அவர் மெனுவைத் தூரமா பிடிச்சாரு, கிட்ட பிடிச்சாரு, ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சாரு. அப்புறம் ரொம்ப கம்பீரமா ஓர் இடத்துல விரலை வச்சு, "இது ஒண்ணு"ன்னாரு.

அங்கேயே எனக்கு உறைச்சிருக்கணும். இந்த மனுஷன் புரட்டாசில வெளியே சாப்பிட்டா, ஆர்டர் எடுக்குற பிள்ளையைக் குறுக்கு விசாரணை பண்ணாம விட மாட்டாரு. பிளாச்சான் போடுவீங்களா — இறால்ல செய்யுறதாச்சே. முட்டை உடைச்ச அதே சட்டியா? எண்ணெய் புதுசா? அன்னிக்கு ஒரு கேள்வி இல்ல. நான் என் போன்ல ஆத்தைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்.

தட்டு வந்துச்சு. சிவப்பா குழம்பு, மீ, மேலே துண்டு துண்டா இறைச்சி. பரிமாற வந்த பொண்ணு "டாகிங்"ன்னு சொல்லியே வச்சுட்டுப் போச்சு. மலாய்ல மாட்டிறைச்சி. அதே நேரம் தெருவுல ஒரு மோட்டார் சைக்கிள் அலறிக்கிட்டுப் போனதுல, அவர் காதுல அது விழல போல.

அவர் கரண்டியை எடுத்துட்டாரு.

நான் பாய்ஞ்சு மணிக்கட்டைப் பிடிச்சேன். "என்னாங்க பண்றீங்க?"

"என்ன?" அப்படின்னு நிமிர்ந்தாரு. நிஜமாவே தெரியாம கேட்ட 'என்ன'. தட்டு அவருக்கு அரை முழம் தூரத்துல இருக்கு.

"அதுல மாட்டிறைச்சிங்க."

அவர் குனிஞ்சு பார்த்தாரு. தலையைக் கொஞ்சம் திருப்பி, ஓரக்கண்ணால பார்த்தாரு. "சிவப்பா தெரிஞ்சுச்சு. தக்காளின்னு நெனச்சேன்"னாரு.

அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. தட்டைத் தள்ளி வச்சேன்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும். நேரா பார்த்தா நடுவுல மங்கலா ஒரு கறை. ஓரத்துல தெரியுது. அதை வச்சு சமாளிச்சுக்குவேன்."

"மெனு?"

"குத்துமதிப்பா கை வச்சேன். சைவம்னு நீதான் சொல்லி வச்சிருக்கியே, எல்லாமே சைவம்தான்னு நெனச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

மேசைத் துணியை நீவி விட்டாரு. நான் விடல. இந்தக் கண்ணோடயா என்னை மூவார் வரைக்கும் கொண்டு வந்தீங்கன்னு கேட்டேன். ரோடு எனக்கு அத்துப்படின்னாரு. ரோடு அத்துப்படி சரி, குறுக்கால மோட்டார்ல வர்ற யாரோ வீட்டுப் பிள்ளையும் அத்துப்படியான்னு கேட்டேன். குரல் உசந்துடுச்சு. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்துச்சு.

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு:

"லாரியை விட்டேன் தேவி. பிள்ளைங்களும் போயிட்டாங்க. உன்னைக் கொண்டு போய் விடுற வேலை ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சு. கண்ணைப் பத்தி சொன்னா அதையும் நீ வாங்கிடுவ."

சொல்லிட்டு, பாக்கெட்லேருந்து கார் சாவியை எடுத்து என் பக்கமா மேசையில தள்ளினாரு.

அந்தச் சாவியை எடுக்க எனக்குக் கை வரலீங்க. கோபம் எங்க போச்சுன்னே தெரியல. பாவமா இருந்துச்சு. அதைவிட, இந்த மனுஷன் மேல எனக்கு இவ்வளவு ஆசை இருக்கான்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

அந்தப் பொண்ணு ஓடி வந்து பதறிப் போச்சு. "அலமாக், சாரி அங்கிள், நான் கேட்டிருக்கணும்." உன் தப்பு இல்லம்மான்னு சொன்னாரு. அது உள்ளே போய்ச் சொல்லி, புதுச் சட்டியில, முட்டை இல்லாம, பிளாச்சான் இல்லாம வெறும் காய்கறி போட்டு ஒரு நாசி கோரெங், அதாங்க வறுத்த சோறு, கொண்டு வந்து வச்சுச்சு. நல்லாவே இருந்துச்சு. இந்தச் சமையல்காரர் ஆத்தைப் பார்க்கிறவர் இல்ல.

சாப்பிட்டுக்கிட்டே கேட்டாரு: "ஆத்துல என்ன இருக்கு, சொல்லேன்."

ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல பத்தி எழுதுறவளாச்சே, விடுவேனா? "அந்திச் சூரியன் தன் பொன்னையெல்லாம் ஆற்றில் கொட்டி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"பேப்பருக்குச் சொல்லாத. எனக்குச் சொல்லு."

சொன்னேன். ஒரு படகு. நீலக் கலர். ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தர் சிகரெட் பிடிக்கிறாரு. தண்ணி பால் டீ கலர். கீழே ஓர் அம்மா பிள்ளையைத் துரத்திக்கிட்டு ஓடுறாங்க. செருப்பு ஒண்ணு கழண்டுடுச்சு. இப்போ திரும்பி வந்து எடுக்குறாங்க.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"ம்"னு சொல்லிட்டு ஒரு வாய் சோறு எடுத்தாரு. இருட்டுறதுக்குள்ள கிளம்பணும்னு எனக்கு ஒரே பதைப்பு. ஆனா அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். அறுபதுக்கு மேல போகல. பாரிட் சூலோங் தாண்டுறதுக்குள்ள எத்தனை லாரி ஹார்ன் அடிச்சு ஒதுங்கிப் போச்சுன்னு கணக்கே இல்ல. "அவன் கத்தட்டும். நீ உன் வேகத்துல போ"ன்னாரு, வாழ்நாள் பூரா ஹார்ன் அடிச்ச லாரிக்காரர். அடுத்து வளைவு வரும், இடப்பக்கம் ஒதுங்கு, இந்த இடத்துல ரோடு பள்ளமா இருக்கும்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. ஒண்ணுகூடத் தப்பல.

செவ்வாய்க்கிழமை கண் டாக்டர். சின்ன வயசு சீனப் பொண்ணு. மருந்து ஊத்தி, லைட் அடிச்சு, படம் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துச்சு. அவருக்கு இருக்கிற இனிப்புநீர், அதாங்க சர்க்கரை வியாதி, கண்ணுக்குப் போயிடுச்சாம். ஊசி போடணும், தவறாம வரணும். போனது எவ்வளவு திரும்பும்னு உறுதி சொல்ல முடியாது, இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். கார் ஓட்டக் கூடாது. அவர் தலையாட்டினாரு.

அப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்புச்சு. "ஆண்ட்டி, மூணு மாசம். வீட்ல நீங்க ஒண்ணும் கவனிக்கலையா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவர் முந்திக்கிட்டாரு. "அவங்களுக்கு எப்படி டாக்டர் தெரியும்? மறைச்சது நான்லா."

என்னைக் காப்பாத்துறாராம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, தெரிஞ்சிருக்கணும். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தா, இந்தப் பத்தியை முதல்ல படிக்கிறது அவர்தான். கையில சிவப்புப் பேனா. இங்க எழுத்துப் பிழை, இங்க சொன்னதையே சொல்லியிருக்க, இந்த விஷயம் நடக்கவே இல்லையேன்னு கோப்பி ஆறுற வரைக்கும் குறை. மூணு மாசமா அது நின்னு போச்சு. பேப்பரைக் கொஞ்ச நேரம் விரிச்சு வச்சுக்குவாரு, மடிச்சிடுவாரு. "நல்லா இருக்கு." அவ்வளவுதான்.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஒருவழியா என் எழுத்து தேறிடுச்சுன்னு நெனச்சேன். அந்தச் சந்தோஷத்துல அவருக்கு ஒரு சட்டைகூட வாங்கிக் கொடுத்தேன்.

அதனால உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். உங்க வீட்டுக்காரர் திடீர்னு குறை சொல்றதை நிறுத்திட்டா, பூரிச்சுப் போகாதீங்க. கையைப் பிடிச்சு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

நேத்து இதை எழுதி முடிச்சதும், முதல் தடவையா அவரை உட்கார வச்சு நானே சத்தமா வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாரு. முடிச்சதும் விரல் விட்டு எண்ணி நாலு தப்பு சொன்னாரு.

ஒண்ணைக்கூடத் திருத்தாமதான் அனுப்பியிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததும் மறுபடி சொல்லிக் காட்ட, அவருக்கு வேலை வேணுமில்ல.