விளக்கு மேசையில் பார்த்த சுவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். பழைய நகரின் பதினான்கு தெருக்களில் யார் புது வீடு கட்டுவதானாலும் வரைபடம் முதலில் அக்காவின் மேசைக்குத்தான் வரவேண்டும். ஜன்னல் இரண்டு அங்குலம் அகலம் கூடினால் திருப்பி அனுப்பிவிடுவார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பக்கத்து வீட்டைவிட ஒரு சாண் உயர்ந்தால் தொலைந்தது. வீடு கட்டுகிறவர்கள் எங்கள் படியேறும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

ஊரை இப்படி நடுங்க வைத்தவர் எதைக் கண்டாலும் நடுங்குவார் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். லிஃப்டில் ஏறமாட்டார். போன் அடித்தால், "தம்பி, யாருன்னு நீங்களே பாருங்களேன்" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். சாயங்காலம் வாசல்வரை போனவர், பீரோவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து மூன்று மாடி திரும்ப ஏறுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தன் தம்பி குடும்பத்தோடு இருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் காதில் விழும்படியே பேசியிருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருடைய மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். மேல்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அடியில் குழல்விளக்கு. இருபத்திரண்டு வருடங்களில் அக்கா அந்தப் பதினான்கு தெருக்களையும் நடந்து அளந்து, வீடு வீடாக உள்ளே போய், மெல்லிய தாள்களில் வரைந்து வைத்திருந்தார். புது வரைபடம் வந்தால் தன் தாளைக் கண்ணாடியில் விரித்து, அதன்மேல் புதியதை வைத்து, விளக்கைப் போடுவார். இரண்டும் ஒன்றாகத் தெரியும். புது வீடு தெருவோடு ஒட்டிப்போகிறதா, துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அவர் கையெழுத்துக்குக் கீழே நான் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். இரண்டாவது ஆளும் தனியாகச் சரிபார்த்தார் என்பதற்கு அதுதான் அடையாளம். அக்கா பார்த்ததற்கு மேல் நான் பார்த்து என்ன கிழிக்கப்போகிறேன்? டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவேன்.

அந்தத் திங்கட்கிழமை மேசை விளக்கு எரியவில்லை. எலக்ட்ரீஷியன் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். வேறொரு மனைக்கு எல்லை பார்ப்பதற்காக, நான்கு மாதம் முன்பு நாங்கள் அனுமதித்த ஒரு வீட்டின் வரைபடத்தை அக்கா எடுத்து, காலியாகக் கிடந்த மர மேசையில் விரித்தார். அப்புறம் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, இது என்ன கோடு?"

அந்த மனைக்கும் பக்கத்துத் தையல்காரர் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர். பழைய நகரில் பாதி இடங்களில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுவர்தான். "விட்டு விட்டுப் போட்டிருக்கு, அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வரைபடங்களில் முழுக்கோடு போட்டால் அந்தச் சுவர் நிற்கும். விட்டு விட்டுப் போட்டால் இடிக்கப்போகிறார்கள்.

"நான் பாக்கறப்ப முழுக்கோடா இருந்துச்சே!"

இருந்திருக்கும். அடியில் அவர் வரைந்த தெரு இருந்தது. அதில் அதே சுவர் முழுக்கோடு. மேல்தாளில் இருந்த இடைவெளிகளை எல்லாம், விளக்கு வெளிச்சத்தில், அவருடைய கோடே நிரப்பிவிட்டது. அக்கா தான் வரைந்த சுவரைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்திருக்கிறார். நான் எதையுமே பார்க்காமல் கொடுத்திருக்கிறேன்.

அக்கா கோப்பைப் புரட்டி வேலை தொடங்கும் தேதியைத் தேடினார். அன்றைய தேதிதான்.

"தையல்காரர் வீட்டு மாடி உத்திரமெல்லாம் அந்தச் செவுத்துலதான் உக்காந்திருக்கு, தம்பி. அவர் சம்சாரத்துக்கு இடுப்புல ஆபரேஷன். மாடியிலதான் படுத்திருக்காங்கன்னு போன வாரம்தான் சொன்னாரு."

போனைக் கண்டால் ஒதுங்குகிறவர் தானே எடுத்து அந்த வீட்டு இன்ஜினியருக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஒருமுறை தப்பான நம்பருக்குப் போய்விட்டது. மறைப்பானேன், முதலில் நான் பயந்தது மாடியில் படுத்திருந்த அந்த அம்மாளுக்காக அல்ல. அந்தத் தாளில் இருந்த என் கையெழுத்துக்காக.

"மேலதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாமே, அக்கா."

"அவர் மீட்டிங் முடிஞ்சு வர்ற வரைக்கும் செவுரு நிக்குமா?" என்று படியிறங்கிவிட்டார்.

ஓட்டமும் நடையுமாகப் போனோம். அந்தத் தெரு திரும்புவதற்கு முன்பே சத்தம் கேட்டது. டம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டம். ஒவ்வொரு அடிக்கும் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே நடந்தார்.

மனையில் பழைய வீட்டின் முன்பக்கத் தாழ்வாரத்தை இடித்து முடித்திருந்தார்கள். நடுச்சுவரின் மேல் இரண்டு பேர் சம்மட்டியோடு நின்றார்கள். தையல்காரர் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே உயர்ந்திருந்த பகுதியில் ஒரு ஆள் உயரத்துக்குச் செங்கல் போய்விட்டது.

"மேஸ்திரி, நிறுத்தச் சொல்லுங்க!"

"எதுக்கு மேடம்? நீங்க கையெழுத்துப் போட்ட பிளான்தானே?" மேஸ்திரி பிளாஸ்டிக் உறையில் இருந்த தாளை எடுத்துக் காட்டினார்.

"தப்பாப் போட்டுட்டேன்."

"அப்ப எங்க இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க. வாயால சொன்னா நான் ஆளுங்கள நிறுத்த முடியாது."

"அவரு போனே எடுக்கலை. பக்கத்துல ஆள் இருக்காங்க!"

"காலையிலேயே சொல்லிட்டோம் மேடம். தூசி வரும், ஜன்னலைச் சாத்திக்கங்கன்னு."

அக்கா அவரோடு மேற்கொண்டு பேசவில்லை. விறுவிறுவென்று தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்தார். நானும் பின்னால் போனேன். தையல்காரர் மெஷின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். வெட்டிவைத்த துணியெல்லாம் சுண்ணாம்புப் பொடி. கூரையை ஒட்டிச் சுவரில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. மாடியில் இருப்பவரைக் கீழே இறக்க முடியுமா என்று அக்கா கேட்டார்.

"அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. என்ன ஆச்சு?"

மேலே டம் என்றது. விளக்கு ஆடியது. அக்கா என் பக்கம் திரும்பினார். பற்கள் கிட்டிப்போய் வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

"மேஸ்திரிகிட்ட போய்ச் சொல்லுங்க தம்பி. ஆபீஸர் இந்த வீட்டு மாடியில உக்காந்திருக்காங்கன்னு சொல்லுங்க. குடியிருக்கறவங்கன்னா தூசிம்பான். ஆபீஸர்னாதான் அவன் கை நிக்கும்."

கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். எனக்கு வெளியே போகிற வேலை கிடைத்ததே என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் ஓடினேன்.

நான் சொன்னதும் மேஸ்திரிக்கு முகம் மாறியது. "உள்ளயா? கையெழுத்துப் போட்ட மேடமேவா?" பிறகு அண்ணாந்து, "டேய், நிறுத்துங்கடா! எறங்குங்கடா!" என்று கத்தினார். ஓங்கிய சம்மட்டி ஒன்று அதற்குள் இறங்கிவிட்டது. சுவருக்குள் செங்கல் பொடி சரசரவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுவர் நின்றது.

மாடிக்கு ஓடினேன். கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. விரிசல் அங்கேயும் ஏறியிருந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்கச் சுண்ணாம்பு. தையல்காரரின் மனைவி அவர் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"யாரும்மா நீ? உனக்கு ஏன் ஒடம்பு இப்படி ஒதறுது? ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்று அந்த அம்மாள்தான் அக்காவைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தச் செவுத்த இடிக்கலாம்னு கையெழுத்துப் போட்டது நான்தாம்மா" என்றார் அக்கா. "சரியாப் பாக்கலை."

அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார். தலைக்குமேல் ஓடிய விரிசலைப் பார்த்தார். பிறகு தன் கையை விடுவித்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்து போகவில்லை. இன்ஜினியர் வந்து, உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து முடிகிறவரை இரண்டு மணி நேரம் அதே இடத்தில் இருந்தார். நான் அந்த அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "நானும்தாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.