வலது காலை மட்டும் கழுவியவன்

சகோதரங்களே, தவக்காலம் முழுக்க ஒரு மனிதருடைய காலுக்காக மன்றாடினேன்.

நான் லண்டன் ஹரோவில் இருந்து, தூரத்துக் கிராமங்களில் வாழும் நோயுற்ற முன்னாள் படையினருக்கு வீடியோ அழைப்பில் உடல்நல வழிகாட்டியாக வேலை செய்கிறேன். அவர்களில் ஒருவர், வேல்ஸ் மலைப்பக்கம் தனியே ஆடு வளர்க்கும் சார்ஜன்ட். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பல வருட நீரிழிவு, பாதத்தில் உணர்ச்சி இல்லை. வாராவாரம் பாதத்தைத் தூக்கிக் காட்டுவார். சுத்தமாக இருக்கும். "மற்றதும் இப்படித்தான்" என்பார். மூத்தவரிடம் துருவிக் கேட்க எனக்குக் கூச்சம். ஆனால் சீனி அளவோ ஏறிக்கொண்டே போனது.

பள்ளிக்கூடமே போகாத என் அப்பா, இதே நீரிழிவு வருத்தத்தில் காலை இழந்தவர். வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்தும் என்ன பயன் என்று அழுதேன். "ஆண்டவரே, அவர் மறைப்பதை எனக்குக் காட்டும்."

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன். கோயிலில் சுவாமியார் பாதம் கழுவும் பன்னிருவரில் நானும் ஒருவன். புறப்படும்போது அம்மா கத்தினா:

"டேய், காலைத் தேய்ச்சுக் கழுவினியோ? சுவாமி கழுவேக்க ஊத்தை கரைஞ்சா மானம் போயிடும்!"

"ஓம் அம்மா. நகமும் வெட்டிட்டன்."

"ரெண்டு காலுமோ?"

"சுவாமி வலது காலைத்தானே கழுவுவார். மற்றது சப்பாத்துக்குள்ள கிடக்கும்."

"கள்ளன்!"

பீடத்தின் முன் வலது பாதத்தில் தண்ணீர் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சார்ஜன்ட் காட்டியது எப்போதும் இடது கால் மட்டும்.

மறுநாள் விடுமுறை. ஆனாலும் அழைத்தேன்.

"சார்ஜன்ட், படையில் சிப்பாய்களின் கால்களைப் பார்ப்பீர்களாமே. இன்று என்னுடையதைப் பாருங்கள்."

இரண்டையும் கமராவுக்கு முன் தூக்கினேன்.

"இடது கால் படு மோசம்! அந்த நகத்தோடு என் படையில் நின்றிருந்தால் தொலைந்திருப்பாய்!"

"அதை மறைத்துக்கொண்டுதான் நேற்றுக் கோயிலுக்குப் போனேன். இனி உங்கள் வலது கால்."

அவர் மெல்லக் காலுறையைக் கழற்றினார். பெருவிரலில் கறுத்த புண்.

"வெட்டிவிடுவார்கள். பிறகு ஆடுகளை யார் பார்ப்பது?"

"இன்றே போனால்தான் கால் மிஞ்சும்."

பக்கத்துப் பண்ணைக்காரரின் வண்டியில் அவர் ஏறும்வரை நான் அழைப்பை விடவில்லை.

ஒரு விரல் போனது. கால் தப்பியது. இப்போது அவர் தானே நடந்து ஆடுகளைப் பார்க்கிறார். ஆண்டவருக்குக் கோடி நன்றி. இப்போதெல்லாம் கூச்சப்படாமல் எல்லோரிடமும் இரண்டு கால்களையும் கேட்கிறேன்.

நீங்களும் ஆண்டவரிடம் விடாமல் கேளுங்கள், அவர் காட்டுவார். ஆனால் எனக்குக் காட்டியதுபோல், முதலில் உங்கள் சப்பாத்துக்குள் இருப்பதைக் காட்டக்கூடும். பயப்படாமல் கழற்றுங்கள்.

இப்போது வாராவாரம் அழைப்பை எடுத்ததும் சார்ஜன்ட்தான் முந்திக்கொள்கிறார்: "எங்கே, முதலில் உன் இடது கால்?"