கீபோர்டுக்கு அடியில் இருந்த சீட்டுகள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு, சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு கம்பெனியில் மேசை துடைக்கும் வேலை எனக்கு. விமானங்களில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் வேலை அங்கே நடந்தது.

ஒருநாள் விமானக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே சுத்தம் செய்யச் சொன்னார்கள். கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே போனேன். குப்பையைக் கூட்டும்போதுதான் பார்த்தேன், முறுக்குத் தூளோடு ஏழெட்டு மஞ்சள் சீட்டுகள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும். தூக்கிப்போட மனம் வரவில்லை. யாருடையது என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கக் கூச்சம். அதனால் சாப்பாட்டு அறை வாசலில் இருந்த பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தேன்.

பத்து மணிக்கு ஒரே சிரிப்பு. "மச்சான், உன் ஆளு பேரு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு!" என்று ஒரு சீட்டில் இருந்த பேரைக் காட்டி ஒருவன் கத்தினான். அடுத்த நிமிடம் சிரிப்பு அடங்கியது. எங்கள் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற? எல்லாம் பாஸ்வேர்டுய்யா! வூட்டுக்குப் போவ வேண்டியதுதான் நீ."

அந்த வேலையை நம்பித்தான் வீட்டில் நான்கு பேர் இருந்தோம்.

பாதுகாப்பைக் கவனிக்கும் மேடம் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். அந்தச் சீட்டு கெட்டவன் கையில் கிடைத்தால், எங்கோ உட்கார்ந்துகொண்டு எடைக் கணக்கையே மாற்றிவிடலாம், விமானத்துக்கே ஆபத்து என்று விளக்கினார். தண்ணீர் கேன் போடுபவர் வரை வந்து போகும் இடத்தில் அல்லவா குத்தியிருக்கிறேன்!

"மன்ச்சிடும்மா, தெரியாம செஞ்சிட்டேன்."

"உங்க மேல கோபம் இல்லண்ணே. எழுதி வெச்சாங்களே, அவங்க மேலதான்" என்றார்.

மத்தியானத்துக்குள் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றினார்கள். வந்த விருந்தினர்களிடமும் மேடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த வாரம், புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் என்னை நிற்கவைத்து, துடைக்கும்போது எங்கெங்கே சீட்டு கிடைக்கும் என்று சொல்லச் சொன்னார். தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "போனுக்கு அடியில, காலண்டருக்குப் பின்னால, டிராயர் உள்பக்கம்." ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நான் ஒருநாளும் ஏறாத விமானத்தில் முகம் தெரியாதவர்கள் பத்திரமாகப் போய் இறங்குவதற்கு என் கண்ணும் கொஞ்சம் உதவும் என்று அன்று தெரிந்தது. அதன் பிறகு எந்த மேசையையும் நான் ஏனோதானோவென்று துடைத்ததில்லை.