பக்கத்து ஊரில் கொடுத்த கோட்டு

ராட்டன்ஸ்டாலில் ஒருவர் செத்துப்போனால் அவருடைய துணிமணியை தானமாக வந்த பழைய சாமானை விற்கும் ராட்டன்ஸ்டால் தர்மக் கடையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். மூட்டை கட்டி, பஸ் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் டாட்மர்டன் கடையில் போட்டுவிட்டு வருவார்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மூட்டையை இங்கே கொண்டுவருவார்கள். புருஷன் தொப்பியை வேறொருவன் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் எந்தப் பெண்பிள்ளைக்குப் பொறுக்கும்? யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் மீறினவர்களும் இல்லை.

தெல்மா நட்டாலும் அப்படித்தான் செய்தாள். செருப்பு ஆலையில் தோல் வெட்டின ஃபியர்ன்லியின் மூன்றாவது மகள் அவள். மூத்தவள் கனடா போனாள். நடுவுள்ளவள் பர்ன்லியில் கசாப்புக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். இவள் பஸ் ஓட்டுகிற ரெஜ் நட்டாலைக் கட்டிக்கொண்டு, பிறந்த தெருவிலேயே தங்கிவிட்டாள். ரெஜ்ஜின் கடைசி மாதம் மலையடி இல்லத்தில் கழிந்தது. இனி மருந்து கேட்காது என்று ஆனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். ஊருக்கு ஒன்றாக இருக்கும் தர்மக் கடைகளின் வருமானத்தில்தான் பாதிச் செலவு ஓடுகிறது.

ரெஜ் போனபின் அவனுடைய கம்பளிக் கோட்டை டாட்மர்டனில் கொடுத்துவிட்டு, தெல்மா உள்ளூர்க் கடையின் பின்னறையில் சம்பளமில்லாமல் விலை போட உட்கார்ந்தாள். பொருளைப் பார்த்து அவள் விலை போடுவதில்லை. வாங்கப்போகிறவர்களை நினைத்துப் போடுவாள். பள்ளிக்கூடச் சப்பாத்து என்றால் இரண்டு பவுண்டு. பூப்போட்ட தேநீர்க் கோப்பை என்றால் பதினைந்து, ஏனென்றால் அதை வாங்க வருகிறவர்கள் மேட்டுத் தெருப் புது வீட்டுக்காரர்கள்.

பிறகு போல்டனிலிருந்து லிண்ட்சி மேலாளராக வந்தாள். கையோடு தலைமை அலுவலகத்தின் விலைப்பட்டியல் வந்தது. ஆண்கள் கம்பளிக் கோட்டு முப்பத்தைந்து. ஒரு கடையில் விற்காதது வேனில் அடுத்த கடைக்குப் போகும். அங்கும் விற்காவிட்டால் கந்தல்காரனுக்கு, எடைக்கு.

"முப்பத்தஞ்சுன்னா இந்தத் தெருவுல யாரு கண்ணு வாங்குவா? பாதிரியாரே யோசிப்பாரு" என்றாள் தெல்மா.

"பாதிரியாரு கடனாக் கேப்பாரு" என்றாள் கல்லாவிலிருந்த பிரெண்டா.

லிண்ட்சி சிரிக்கவில்லை. "தெல்மாக்கா, போன வாரம் ஒரு ஸ்வெட்டர் ரெண்டு பவுண்டுக்குப் போட்டீங்களே. மான்செஸ்டர் வியாபாரி ஒருத்தன் வாங்கிட்டுப் போயி இன்டர்நெட்டுல நாப்பதுக்குப் போட்டிருக்கான். நீங்க யாருக்குத் தர்மம் பண்ணுனீங்க?"

அந்தப் பெண் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நவம்பரில் டாட்மர்டன் வேன் இறக்கிவிட்டுப் போன மூட்டையை அவள் பிரித்தாள். மேலாக இருந்தது ரெஜ்ஜின் கோட்டு. முப்பத்தைந்து பவுண்டுச் சீட்டு கழுத்திலேயே தொங்கியது. உள்பையைத் தடவிப் பார்த்தாள். வீட்டில் சாம்பல் நூல் தீர்ந்திருந்த நாளில் அவள் போட்ட சிவப்புத் தையல் அங்கே இருந்தது.

விஷயம் தெரிந்ததும் லிண்ட்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, எடுத்துட்டுப் போயிடுங்கக்கா."

"அலமாரியில அதப் பாத்துட்டு இருக்க முடியாமத்தானே குடுத்தேன்."

"வேற ஊருக்கு அனுப்ப வழியில்லயே. இங்கயும் விக்கலன்னா கந்தல்தான்."

"கந்தல்காரன் என்ன குடுப்பான்?"

"இந்த எடைக்கு... அரை பவுண்டு."

"பட்டியல் முப்பத்தஞ்சுங்குது, கந்தல்காரன் அரைங்குறான். நடுவுல ஒண்ணு சொல்லு தாயி. பன்னெண்டு?"

லிண்ட்சி கோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "பதினஞ்சு. ஒரு பென்னி குறையக் கூடாது. சீட்டை நீங்களே குத்துங்க."

தெல்மா சீட்டைக் குத்தி, கொண்டுபோய் மாட்டினாள். விற்றால் தினம் தெருவில் பார்த்தாக வேண்டும். விற்காவிட்டால் கிழித்து எந்திரம் துடைப்பார்கள். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் அல்ஃப் க்ராப்ட்ரீ வந்தான். ஆலைக் கணக்குப்பிள்ளை க்ராப்ட்ரீயின் தம்பி மகன். பெரிய பூண்டுத் தாள் வளர்க்கும் ஊர்ப் போட்டியில் தன் தாளை யாரோ கத்தியால் கீறிவிட்டார்கள், அது ரெஜ்ஜாகத்தான் இருக்கும் என்று இருபது வருஷம் அவனோடு பேசாமல் இருந்தவன். கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் திரும்பினான்.

"பத்துக்குக் குடு தெல்மா."

"பதினஞ்சு."

"செத்தவன் கோட்டுக்கா பதினஞ்சு?"

"உயிரோட இருக்கறவன் போடப் போறதுக்கு."

அவன் உள்பைக்குள் கைவிட்டான். சிவப்பு நூலைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அந்தக் கடையில் யாரும் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டான்.

"இது ரெஜ்ஜோடதா?"

"ஆமா."

"டாட்மர்டன்லதானே குடுத்திருப்ப?"

"குடுத்தேன். வேன் கொண்டாந்துடுச்சு."

"நான் இதப் போட்டுட்டுத் திரிஞ்சா உனக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"இருக்கும். அதுக்காகக் கந்தலாப் போகணுமா? வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டிக் கழட்டி மாட்டு. கதவைத் தொறந்து போட்டுட்டு நிக்கற, குளிரு உள்ள வருது."

அல்ஃப் கதவைச் சாத்தினான். கோட்டைக் கழற்றாமலே பணத்தை எடுத்து பிரெண்டாவிடம் நீட்டினான். "அவனுக்குத் தோள் சின்னதுன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னான்.

முதல்முறை அந்தக் கோட்டு போட்ட முதுகைத் தபாலாபீஸ் வரிசையில் பார்த்தபோது தெல்மா தபால் போடாமலே வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டாம் முறை வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள். பனி கொட்டத் தொடங்கியபின் சுற்றிப்போகக் கால் வரவில்லை; நேரே நடந்தாள்.

லிண்ட்சி பட்டியலை மாற்றவில்லை. ஆனால் வேனில் வரும் கோட்டு மேசைக்கு வந்தால், முப்பத்தைந்துச் சீட்டைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டுத் தெல்மா பக்கம் தள்ளுவாள். வியாபாரி வருகிற நாளில் மட்டும் பிய்க்க மாட்டாள்.

ஜனவரியில் அல்ஃப் ஒரு பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"ரெஜ்ஜோட கோட்டு..." என்று ஆரம்பித்தான்.

"உன் கோட்டு" என்றாள் தெல்மா. "காசு குடுத்தவன் நீ. கழட்டு, தைச்சுத் தரேன்."