ஹார்கிரேவுக்குக் கொடுத்த பூசை

ஊரைவிட்டு வந்து குடியேறிய சென்ட் லோரன்டில், ஒரே மாடியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் கிறகரி அண்ணை. அவருக்கு இரண்டு வேலை. பகலில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குவார். மிச்ச நேரமெல்லாம் எட்வின் ஹார்கிரேவின் கதை சொல்லுவார்.

யார் அது என்று அவரிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்குச் சமையல் இல்லை. பழைய ஹொலிவூட் கதாநாயகன். மன்னாரில் தியேட்டரில் படம் ஓட்டிய காலத்தில் அண்ணை அந்த ஆளின் படம் ஒன்றையும் விட்டதில்லை. கோதுமைக் காட்டுக்கு நடுவே பிறந்தவராம், குதிரைக்கு லாடம் அடித்தவராம், ஸ்டூடியோவுக்கு லொறியில் புல்லு ஏற்றிப் போன இடத்தில் நடிகரானவராம். நாற்பத்திரண்டு படம், மூன்று கல்யாணம். தண்ணீர் என்றால் மட்டும் சாகிற பயம். கப்பல் கப்டனாக நடித்தபோதும் கடலில் கால் வைக்கவில்லையாம். எனக்கு எல்லாம் மனப்பாடம். என் தலைவிதி!

அவர் சொல்லாத கதை ஒன்று இருந்தது. தம்பி வின்சன்ட். அதே தியேட்டரில் டிக்கெட் கிழித்தவன். எண்பத்தைந்தில் சந்தியில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. ‘தம்பின்ர ஆத்துமாவுக்குக் கோயிலில ஒரு பூசை குடு மோனை’ என்று தாய் கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். அண்ணை கொடுக்கவில்லை. ஒருநாள் நான் வாயைக் கொடுத்தேன்.

“உயிரோட இருக்கிறவனுக்குச் செத்தவன்ர பூசையோ, மாக்கிரட்? என்ர கையால அவனைச் சாக்காட்டச் சொல்லுறியோ?”

பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

எண்பத்தேழு ஆவணியில் ஹார்கிரேவ் செத்துப்போனார். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் சுவாமியார் வாசிக்கிறார்: “எட்வினின் ஆத்துமா இளைப்பாற, கிறகரி ஒப்புக்கொடுக்கும் பூசை.” மிச்சப் பெயர் அவர் வாயில் நுழையவில்லைப்போல. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெற்ற தாய் கேட்டும் கொடுக்காத பூசை, மூன்று பெண்டாட்டிக்காரனுக்கோ!

ஆனால் எட்வின் என்ற பெயர் எங்கள் ஆட்களில் வீட்டுக்கு வீடு உண்டு. யாரோ இனசனம் என்று சனம் நினைத்துவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை அல்லவா? பின்னேரமே அல்போன்சம்மா சோறும் பருப்பும், சிசிலி புளிக்குழம்பும் தூக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டார்கள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

நானும் போனேன், வாயை மட்டும் கொண்டு. செத்தவீட்டில் இருந்து வெளிக்கிடும்போது நாங்கள் ‘போட்டு வாறன்’ சொல்லுவதில்லை, பேசாமல் எழும்பிப் போய்விடுவோம். நான் அதை வேண்டுமென்றே உரத்துச் சொல்லிவிட்டுத்தான் வருவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

“தம்பி, ஆர் எட்வின்? கிட்டின சொந்தமோ?” என்று அல்போன்சம்மா கேட்டார்.

ஆள் அகப்பட்டார் என்று நினைத்தேன்.

“நல்ல வடிவான ஆள், அக்கா. பென்சிலால கீறினமாதிரி மீசை. நடந்து வந்தால் சனம் விசிலடிக்கும்.”

சரி, ஹார்கிரேவ்தான்.

“குதிரையெண்டால் உயிர்.”

அதுவும் சரி.

“கடலில விட்டால் மீன்தான். வங்காலையில சுழியோடிச் சங்கு எடுத்துக்கொண்டு வருவான்.”

ஹார்கிரேவ் தண்ணீருக்குப் பயந்த ஆளல்லவா!

“இருபத்துநாலு வயசு. பெட்டையளை டிக்கெட் இல்லாமல் உள்ளுக்கு விட்டிடுவான். நான் பேசுவன். அண்டைக்கும் பேசினனான். கோவத்தில சாப்பிடாமல் வெளிக்கிட்டவன்... சேட்டுக்குத் தெறிகூடப் பூட்டேல்ல, அக்கா... சந்தியில...”

அண்ணை துவாயால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இரண்டு வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. அல்போன்சம்மாவுக்கு ஒன்றும் விளங்கியிராது. என்றாலும் “அழு ராசா, அழு” என்று முதுகைத் தடவினார். பாவி, என்ன நினைப்போடு வந்தேன் நான்! எழும்பிப் போய் எல்லோருக்கும் சோறு போட்டேன்.

இருட்டுவதற்கு முன் சனம் ஒவ்வொருவராக எழும்பிப் போனது. நான் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செருப்பைக் கொழுவினேன். அண்ணை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார்.

என் கதவுக்கு நாலே எட்டு. ஒன்றும் சொல்லாமல் போனேன்.